மடத்துக்கு வண்டி பார்த்த கதை

மலைச்சரிவில் ஓர் அன்ன மடம் இருந்தது. பூசை கொஞ்சம், சமையல் அதிகம் என்று நடக்கிற மடம். தினமும் மத்தியானம் சோறும் குழம்பும் அங்கிருந்து வண்டியேறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும். நோயாளிக்குச் சாப்பாடு உள்ளேயே கிடைத்துவிடும். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துத் துணைக்குக் கிடக்கிறவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? மடத்துச் சோறு அவர்களுக்கு.

மடத்தின் தலைவி பெயர் செங்கமலம். நாற்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் அம்மா. அவரைவிட வயதில் ரொம்பவே மூத்த மாசிலாமணிக்கும் அம்மாதான்.

மாசிலாமணி ஒரு காலத்தில் குமுளி மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு ஒரு வேளைச் சோற்றுக்காக மடத்தில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகத் தோன்றவில்லை. சீடரானார். மடத்து வண்டிக்கு டிரைவரும் ஆனார். எது முதலில் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அந்தப் பழைய வண்டி நடுரோட்டில் நின்றது. மெக்கானிக் இன்ஜினைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அதே மாதம் கண் டாக்டர் மாசிலாமணியைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரிந்தது. பக்கவாட்டில் வருவது அவருக்குத் தெரியவில்லை.

அம்மா இரண்டு செய்தியையும் கேட்டுக்கொண்டார்.

"வேற வண்டி வாங்கணும். செகண்ட் ஹேண்டு போதும். ஆனா நம்பி ஓட்டுற வண்டியா இருக்கணும். நீங்களே பாத்து முடிங்க அண்ணே. அஞ்சுகம் ஓட்டட்டும்."

அஞ்சுகம் மடத்தில் சமையல் செய்பவள். புருஷனுடைய சரக்கு ஆட்டோவை ஓட்டிப் பழகி லைசென்சும் எடுத்து வைத்திருந்தாள்.

மாசிலாமணி பெருமையோடுதான் தலையாட்டினார். வினை அதற்குப் பிறகு ஆரம்பித்தது.

தேனியில் ஒரு மினி வேன் இருப்பதாகச் சொன்னார்கள். போனார். போனதும் பானட்டில் கையை வைத்தார். சூடாக இருந்தது. "நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். காலையில கிளம்பாத வண்டி" என்று திரும்பிவிட்டார். அது நியாயம். பெரியகுளத்தில் ஒரு வண்டி. உள்ளே விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கிப் பார்த்தார். துருவுக்கு மேல் புதுப் பெயின்ட். அதுவும் நியாயம். போடியில் ஒரு வண்டிக்கு டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எங்கேயோ அடிபட்டுச் சட்டம் கோணியிருக்கிறது என்றார். சரி, நியாயம்தான்.

அடுத்தது ஆண்டிபட்டி நல்லதம்பியின் வண்டி. நல்லதம்பி காய்கறி மண்டி வைத்திருப்பவர். மகன் பெரிய வண்டி எடுத்துவிட்டதால் சின்ன வேனைக் கொடுக்க நினைத்தார். மாசிலாமணி பானட்டைத் தொட்டுப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து துண்டை உதறிக்கொண்டார்.

"என்ன பெரியவரே, எப்படி இருக்கு?"

"சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. என்னமோ மறைக்குது."

நல்லதம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் ஏறி வந்துவிட்டார்.

இதற்கிடையில் மடத்துச் சோறு அஞ்சுகம் வீட்டு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தது. ஒரே நடையில் அத்தனை பாத்திரமும் கொள்ளாது. இரண்டாம் நடை போய்ச் சேர்வதற்குள் குழம்பு ஆறிவிடும், வரிசையும் கலைந்துவிடும். பசி பொறுக்காதவர்கள் வாசல் கடையில் டீயும் பன்னும் தின்றுவிட்டு வார்டுக்குள் போய்விடுவார்கள். அஞ்சுகம் மீந்த சோற்றோடு திரும்பி வருவாள். அந்தப் பாத்திரம் இறங்கும்போதெல்லாம் மாசிலாமணிக்குக் கொல்லைப்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணே."

"ஒரு வண்டியை நம்பலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"எனக்கு என்ன தெரியும்? அதுக்குத்தான உங்களை அனுப்புறேன்."

"குறை இருந்தா கண்டுபிடிச்சிர்றேன். குறை இல்லேன்னா பயமா இருக்கும்மா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"என்ன பயம்?"

மாசிலாமணி கீழே சிந்தியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டார்.

"வண்டி வந்திருச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை? ஓட்டுறேன்னுதான் நான் இருந்தேன். சும்மா உக்காந்து திங்குறதுக்கு மனசு ஒப்பலம்மா. வேற போக்கிடமும் இல்ல."

சொன்னவருக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், ராத்திரி பகலாக மலைப்பாதையில் தனியாக லோடு ஓட்டிய மனிதர். இப்போது நாலு அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அம்மா தேற்றவில்லை.

"அந்த மண்டிக்காரர்கிட்ட நாளைக்கு ஒரு மத்தியானம் மட்டும் வண்டியைக் கேளுங்க. சோறு ஏத்திப் பாத்துருவோம்."

நல்லதம்பி நல்ல மனிதர். மறுநாளே வண்டியைக் கொடுத்தனுப்பினார். ஆனால் சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் கேட்கிறான் என்றும் சொல்லியனுப்பினார்.

அன்று மத்தியானம் சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் ஏறின. அம்மா வழக்கம்போலப் பின்பக்கம் ஏறிப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தார். சோற்றோடு சேர்ந்து குருவும் போக வேண்டும் என்பது அந்த மடத்தின் முறை. அஞ்சுகம் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். யாரும் சொல்லாமலே மாசிலாமணி அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வண்டி வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏ புள்ள, கண்ணாடியைப் பாரு."

"பாத்துட்டேன் பெரியப்பா."

"கிளட்ச்சை விடு. இவ்வளவு வேகமாவா விடுறது? ஹாரன் அடி. எதுக்கு இப்ப ஹாரன் அடிக்கிற?"

அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை. வெறும் தகரம்தான். ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் அவர் போட்ட சத்தத்தில் அஞ்சுகம் பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் பாத்திரங்கள் மோதிக்கொண்டன.

"பாத்தீங்களா, இழுக்க மாட்டேங்குது" என்றார் மாசிலாமணி பின்னால் திரும்பி. முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அம்மா இறங்கி முன்பக்கம் வந்தார்.

"அண்ணே, இறங்குங்க. நான் இங்க உக்காந்துக்கிறேன். நீங்க பின்னாடி போங்க."

"பின்னாடியா?"

"அண்டாவைப் பிடிச்சுக்க ஆள் வேணும்ல?"

"அது குரு உக்கார்ற எடம்மா."

"சாக்குதான் விரிச்சிருக்கு. போங்க."

மறுத்துப் பேச முடியாமல் ஏறினார். மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. முன்னால் ரோடு தெரியவில்லை. பின்னால் போய்க்கொண்டிருக்கிற ரோடுதான் தெரிந்தது. எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியவர், சரக்கு உட்காருகிற இடத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இந்தத் தடவை வண்டி மேட்டை நிதானமாக ஏறியது. மாசிலாமணி ஒரு கையால் குழம்பு அண்டாவின் மூடியை அமுக்கிக்கொண்டார். முதல் வளைவு வந்தது. கால் தானாகப் போய் மோர்ப் பாத்திரத்தை மிதித்தது. குழம்பு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது அவர் கைக்குத் தெரிந்தது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. எதிரே பஸ் ஹாரன் கேட்டது. ஓரங்கட்டு என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் வண்டி ஓரமாக நின்று, பஸ்ஸை விட்டு, மறுபடி கிளம்பிவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சோற்றுப் பாத்திரத்தின் சூடு முதுகுக்கு இதமாக இருந்தது. குழம்பு வாசனை வந்தது. இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் மாசிலாமணி அதுவரை கண்ணை மூடியவரில்லை. லாரிக் காலத்தில் மாற்று டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் படுத்தாலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் கிடப்பார்.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் அஞ்சுகத்துக்கு முகம் மாறியது.

"அம்மா, பின்னாடி என்னமோ கரகரன்னு சத்தம் வருது. பேரிங் போயிருச்சோ?"

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அது வண்டியில வர்ற சத்தம் இல்ல. நீ பாட்டுக்கு ஓட்டு."

ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கலையாமல் நின்றது. அஞ்சுகம் போய்ப் பின்கதவை இறக்கினாள். மாசிலாமணி சோற்றுப் பாத்திரத்தில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை இன்னும் அண்டா மூடியின் மேல் இருந்தது.

அஞ்சுகம் எழுப்பப் போனாள். அம்மா வேண்டாமென்று தலையசைத்தார். கையை மெல்ல எடுத்துவிட்டு ஒவ்வொரு பாத்திரமாக இறக்கினார்கள். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு நாலைந்து நாளாக அங்கேயே கிடக்கிற ஒரு பெண், தன் துணிப்பையைச் சுருட்டி அவர் தலைக்கு அடியில் வைத்தாள். "சத்தம் போடாம வாங்குங்கப்பா, மனுசன் தூங்குறாருல்ல" என்று வரிசையை அதட்டினாள். எல்லோருடைய சத்தத்தையும்விட அந்த அதட்டல்தான் பெரிதாக இருந்தது. அதற்கும் அவர் எழவில்லை. குழம்பு ஆவி பறந்தது. அன்றைக்கு ஒருவரும் டீக்கடைக்குப் போகவில்லை.

பாத்திரம் கழுவுகிற சத்தத்தில்தான் மாசிலாமணி கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் அவசரமாக எழுந்து உட்கார்ந்தார். அம்மா பின்கதவில் ஒரு தட்டை வைத்தார்.

"சாப்பிடுங்க."

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு. நீங்கதான் பாக்கி."

சோற்றைப் பிசைந்தவர் வாயில் வைக்காமல் நிறுத்தினார்.

"மன்னிச்சிருங்கம்மா. வண்டியைப் பாக்கத்தான் ஏறுனேன். தூங்கிட்டேன்."

"ம்."

"சாயங்காலம் மண்டிக்காரர் கேப்பாரு. வண்டியை நம்பலாமா கூடாதான்னு நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொன்னீங்களே அண்ணே. ரெண்டாவது வளைவுல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சத்தமாத்தான் சொல்லிட்டு வந்தீங்க."

அஞ்சுகம் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். மாசிலாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"குரு உக்கார்ற எடத்துல உக்காந்துக்கிட்டு இப்படியாம்மா ஒருத்தன் தூங்குவான்?"

அம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

"நீங்க ஓட்டுன காலம் பூராவும் நான் அங்க தூங்கிக்கிட்டுதான் வந்தேன். அந்தப் பழைய வண்டி போட்ட சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."