சூசையின் அனுபவச் சான்று

நகராட்சி வேலைக்கு டெண்டர் போட ஒப்பந்ததாரராகப் பதிந்திருக்க வேண்டும். பதிய வேண்டுமானால் நகராட்சி வேலை செய்த அனுபவச் சான்று வேண்டும். பதியாதவனுக்கு வேலை ஏது, சான்று ஏது? கொத்தனார் சூசை பதினாறு வருஷம் கட்டிய கால்வாயெல்லாம் பெரிய காண்ட்ராக்டர் தணிகாசலம் பெயரில்தான் இருந்தன.

சூசை விண்ணப்பத்தோடு போன அன்று தணிகாசலம் பொறியாளர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சான்று எங்கேய்யா?" என்றார் பொறியாளர்.

"காண்ட்ராக்டர் ஐயாகிட்ட கேட்டேன். தரலைங்க."

தணிகாசலம் சிரித்தார். "என்கிட்ட கூலிக்கு நின்னவன் சார். இவன் எந்த வேலையை எடுத்துச் செஞ்சான்?"

சூசை ஒரு கடித நகலை மேசையில் வைத்தான். "அப்ப இது பொய்யாங்க?"

மூன்று வருஷத்துக்கு முன் சந்தைப்பேட்டைக் கால்வாய் முடிந்த அன்று, முட்டுக்கொடுத்த பலகைகளைப் பிரிக்கையில் மண் சரிந்து சூசையின் தம்பி மிக்கேல் செத்தான். மறுநாளே தணிகாசலம் நகராட்சிக்கு எழுதிக்கொடுத்த கடிதம் அது. வேலை முழுவதையும் எடுத்துச் செய்தவன் சூசை, நடந்ததற்கு அவனே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பொய்னா சொல்லிடுங்க ஐயா. தம்பி சாவுக்கு நீங்க பதில் சொல்லணும், அவ்வளவுதான்."

தணிகாசலம் காபியைக் கீழே வைத்தார். "இவன் செஞ்ச வேலைதான் சார்."

பொறியாளர் பதிவேட்டைத் திறந்தார். "வேலை முடிஞ்ச தேதி?"

மிக்கேலின் கல்லறையில் தன் கையால் செதுக்கிய தேதியைச் சூசை சொன்னான்.