தட்டில் வைத்த வருகை

திண்டுக்கல்லில் மொபைல் ஆப் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று இருந்தது. அதன் ஆசிரியர் திருஞானம், தான் எழுதிய வருகைப்பதிவு ஆப்பைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார். மாணவரின் போன் வகுப்புக்குள் வந்தாலே ஆப் வருகை போட்டுவிடும். பிறகு போனை அவருடைய மேசைத் தட்டில் வைத்துவிட வேண்டும்.

ஒருநாள் மாணவி கயற்கண்ணியின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. ஒரு ஆப்சென்ட் இருந்தாலும் வேலை நேர்காணலுக்கு அனுப்பமாட்டார்கள்.

"சார், நான் இங்கேதானே இருக்கேன்?"

"ஆள் பொய் சொல்லும்மா, என் ஆப் சொல்லாது. அது தப்புன்னு காட்டு, திருத்தறேன்."

"சரிங்க சார்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் தோழி ரெஜினா இரண்டு போன்களைத் தட்டில் வைத்தாள்.

"பார்த்தீங்களா, இருபத்து நாலு பேரும் வந்தாச்சு!" என்றார் திருஞானம், ஆப்பைப் பார்த்துப் பெருமையாக.

பதினோரு மணிக்குக் கயற்கண்ணி வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தே?"

"ஒன்பது மணிக்கே வந்துட்டேனே சார். ஆள் பேச்சை நம்பாதீங்க, ஆப்பைப் பாருங்க."

வகுப்பே சிரித்தது. திருஞானம் முந்தின நாள் ஆப்சென்டை நீக்கினார். அடுத்த நாள் தட்டுக்குப் பக்கத்தில் வருகைக்குக் கையெழுத்துப் போட ஒரு நோட்டும் பேனாவும் இருந்தன.