குளவி கடுகினும் சிறுத்த கதை

பூச்சிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், சின்னக் குளவி என்று ஒன்று கிடையாது. எல்லாக் குளவியும் சுண்டுவிரல் நீளம் இருக்கும். வீட்டு விட்டத்தில் மண்கூடு கட்டும். யாராவது கூட்டருகே போனால், "தள்ளிப் போங்க, பிள்ளைக தூங்குது" என்று ஒரு முறை சொல்லும். கேட்காவிட்டால்தான் கொட்டும்.

அந்த ஆண்டு கரிசல் காட்டில் சோளம் முழங்கால் உயரம் வந்தபோது நடுக்குருத்துகள் வெளிறின. நாச்சக்காள் ஒரு குருத்தைப் பிடித்து இழுத்தாள். அது அப்படியே கையோடு வந்தது. அடியில் அழுகல் நாற்றம். தண்டுக்குள் ஒரு புழு நெளிந்தது. பத்தே நாளில் ஊர்ச் சோளம் முழுவதும் போயிற்று. அவள் கணவன் பட்டினி கிடந்த மாடுகளை மேய்க்க மேற்கே மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போனான். ஊரார் வீட்டில் மிச்சமிருந்த விதையை வழித்தெடுத்து இரண்டாம் முறை விதைத்தார்கள். அதுவும் போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இரண்டாம் பயிர் ஐந்தாறு இலை விட்டிருந்தது. ஒரு நாள் காலை, வைக்கோல் நிறத்தில் ஓர் அந்துப்பூச்சி நாச்சக்காள் வீட்டு நிலைப்படியில் வந்து உட்கார்ந்தது.

"புழு எங்கிருந்து வருதுன்னு காடெல்லாம் தேடறீங்க" என்றது மெல்லிய குரலில். "உங்க விட்டத்தைக் கொஞ்சம் பாருங்க. குளவி வாயில என்னத்தைக் கொண்டு போகுதுன்னு பாருங்க."

நாச்சக்காள் நிமிர்ந்து பார்த்தாள். குளவி ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் ஊர் கூடியது. கணவனின் தம்பி குப்பணன் தீப்பந்தத்தோடு ஓடி வந்தான்.

"நான் புழு வளர்க்கலே! எம் பிள்ளைகளுக்குச் சோறு அது. கூட்டை உடைக்காதே" என்று கத்தியது குளவி.

யாரும் காதில் வாங்கவில்லை. அன்று ஊரில் ஒரு விட்டத்தில்கூடக் கூடு மிஞ்சவில்லை. பந்தத்தால் பொசுக்கிய தன் வீட்டுக் கூட்டை நாச்சக்காள் தானே உலக்கையால் இடித்தாள். மண்ணோடு ஏழெட்டுப் புழுக்கள் விழுந்தன.

"பாத்தீங்களா நங்கையா! அத்தனையும் இங்கதான் வளந்திருக்குது" என்று அண்ணியிடம் சொன்னான் குப்பணன்.

நாச்சக்காள் குனிந்து பார்த்தாள். ஒரு புழுகூட அசையவில்லை. ஒன்றின் முதுகில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒரு குளவிக் குஞ்சு வாயைப் பதித்தபடி கருகிக் கிடந்தது. தின்றுகொண்டிருக்கும்போதே செத்திருந்தது. அவள் உலக்கையைக் கீழே போட்டாள். நேரே காட்டுக்கு நடந்தாள்.

ஊர் எல்லையில் முதல் காடு அவளுடையது. அங்கே ஓர் இலையின் அடியில் அந்துப்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் பறந்தது. அது இருந்த இடத்தில் மீன்செதில் அடுக்கிய மாதிரி வெள்ளை முட்டைகள். அடுத்த இலையைத் திருப்பினாள். அங்கேயும். அதற்கடுத்ததிலும். நகத்தால் நசுக்கிக்கொண்டே போனாள். வெயில் சாயும்போது ஒரு சால் வரிசைகூட முடியவில்லை, நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது.

"பொரிச்சு, புழு தண்டுக்குள்ள போயிட்டா உன் விரலும் எட்டாது, எங் கொடுக்கும் எட்டாது" என்று ஒரு குரல் கேட்டது. றெக்கை ஓரம் தீய்ந்த குளவி வரப்பில் உட்கார்ந்திருந்தது. "நாலு நாள்தான் கெடு."

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆத்தா."

"தெரியாமலா? நான் சொன்னேனே."

"சொன்னே. நான் கேக்கலே."

குளவி தீய்ந்த றெக்கையைக் காலால் நீவிக்கொண்டது. பிறகு சொன்னது: "எனக்கு நாலு நாள்கூட இல்லே. வயித்துல முட்டை முட்டுது. மண் கொழைச்சுக் கூடு கட்ட நேரமில்லே. ஊர்ல நாப்பது பேரு இப்படித்தான் தவிச்சுக்கிட்டு நிக்கறோம்." அதன் கண் இலையடி முட்டைகள் மேல் போயிற்று. "அதுவும் ஒரு கூடு மாதிரித்தான் இருக்குது. எங் கொடுக்கு மயிரிழைதானே, உள்ளே நுழையும். எம் பிள்ளை புழுவை உள்ளேயே தின்னுக்கும்."

நாச்சக்காள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் காடு பிழைத்துவிடும். ஆனால் அந்தக் கருகிய குஞ்சு கண்ணை விட்டுப் போகவில்லை.

"கூட்டளவுக்குத்தானே பிள்ளை வளரும்?" என்றாள். "கடுகைவிடச் சின்னதா வரும். பெத்த உன் கண்ணுக்கே தெரியாது. அது பேசினாலும் யார் காதுலயும் விழாது. யோசிச்சுக்கோ."

"உசுரோட இருக்குமில்ல?"

"எனக்குத் தெரியலே ஆத்தா."

குளவி வரப்பிலிருந்து எழும்பியது. முதல் முட்டையின் மேல் கொடுக்கை இறக்கியது.

இரண்டு பகல் நாற்பது குளவிகளும் இலை இலையாக இறங்கின. நாச்சக்காள் முன்னால் போய் இலைகளைத் திருப்பிக் கொடுத்தாள். நான்காம் நாள் காலை அவள் வந்து இலைகளைத் திருப்பிப் பார்த்தாள். முட்டைகள் எல்லாம் கன்னங்கரேலென்று கறுத்திருந்தன.

பின்னால் குப்பணன் நின்றான். அவன் கையில் தீப்பந்தம். அவனுக்குப் பின்னால் ஊர்.

"முட்டைக்குள்ள கறுப்பாப் புழுத்தலை தெரியுது நங்கையா. இன்னிக்கே பொரிச்சிடும். உங்க காட்டைக் கொளுத்தினாத்தான் எங்க காடு மிஞ்சும். தள்ளுங்க."

"குளவி இதுக்குள்ள முட்டை வெச்சிருக்குது. புழு வராது."

"அதோட கூட்டை இடிச்சது நீங்க. உங்களுக்கு அது எதுக்கு நல்லது பண்ணும்?"

நாச்சக்காள் இரண்டு கையையும் விரித்து வரப்பில் குறுக்கே நின்றாள். "பொழுது சாயறவரைக்கும் பொறுங்க. ஒரு புழு வந்தாலும் நானே தீ வைக்கறேன்."

பந்தத்துக்கு இரண்டு முறை எண்ணெய் ஊற்றினார்கள். ஒருவரும் உட்காரவில்லை. நாச்சக்காள் மண்ணில் முழங்கால் ஊன்றி ஓர் இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். வெயில் இறங்கத் தொடங்கியபோது ஒரு முட்டையில் ஊசி குத்தியது போல ஒரு துளை விழுந்தது.

"வருது!" என்று குப்பணன் பந்தத்தை ஓங்கினான்.

வெளியே வந்தது புழு அல்ல. ஒரு தூசி. அந்தத் தூசி நடந்தது. நின்று றெக்கையை உதறியது. பக்கத்து முட்டையிலும் துளை. பிறகு இலை முழுக்க, காடு முழுக்க. குப்பணன் கையில் பத்துப் பதினைந்து வந்து உட்கார்ந்தன. கொட்டும் என்று கையை இழுத்துக்கொண்டான். ஒன்றும் கொட்டவில்லை. கொட்ட அவற்றுக்கு உடம்பு ஏது? அவன் பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தான்.

தாய்க்குளவி தட்டுத்தடுமாறிப் பறந்து வந்து இலையில் இறங்கியது. பிள்ளைகளைக் கூப்பிட்டது. ஒரு பதிலும் கேட்கவில்லை.

"நாச்சக்கா, எம் பிள்ளைக எங்கே?"

"உங் காலைச் சுத்தித்தான் நிக்குதுக ஆத்தா."

மிதித்துவிடக் கூடாதே என்று குளவி எடுத்த காலை வைக்காமல் அப்படியே நின்றது.

அந்த ஆண்டு நாச்சக்காள் காட்டிலும் ஊர்க் காடுகளிலும் ஆள் உயரச் சோளம் கதிர் தள்ளியது. கண்ணுக்கு எட்டாத அந்தச் சின்னக் குளவிகள் கூடு கட்டாமல், அந்துப்பூச்சியின் முட்டையைத் தேடிப் போய்த் தம் முட்டையை வைப்பதும், மனிதரைக் கொட்டாததும் அன்று தொடங்கியதுதான். சோளக்காட்டுக்காரர்கள் இலையடியில் கறுத்த முட்டையைக் கண்டால் நசுக்காமல், இலையை மெதுவாகத் திருப்பி விட்டுவிட்டுப் போவதும் அந்த நாளிலிருந்துதான்.