பூட்டிய கடையிடம் கேட்ட கேள்விகள்

குரு என்றால் தாடி இருக்கணும், சீடன் என்றால் சின்னப் பையனாக இருக்கணும் என்று யார் சொன்னது? எங்கள் அலுவலகத்துக் குரு நசீமா மேடத்துக்கு முப்பத்தைந்து வயதுதான். சீடர் தவசிமணி சாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேறு துறையிலிருந்து மாறுதலாகி வந்தவர். நான் ஜீப் ஓட்டுகிறவன், பெயர் சுடலை. பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வேலை அரசாங்க சர்வேக்காகக் கடைகளுக்குப் போய்க் கேள்வி கேட்பது. பொருள் விற்கிற கடைகள் இல்லை. சலூன், லாட்ஜ், மெஸ், செல்போன் ரிப்பேர், டியூஷன் சென்டர் மாதிரி சேவைத் தொழில்கள். சிமென்ட் ஆலை என்றால் மூட்டையை எண்ணிவிடலாம். வெட்டின முடியையும் தின்ற தோசையையும் எங்கே போய் எண்ணுவது? ஆள் போய்க் கேட்டால்தான் உண்டு. அந்தப் பதில்களைச் சேர்த்துத்தான் ஊர் பிழைக்கிறதா நொடிக்கிறதா என்று மேலே இருப்பவர்கள் கணிக்கிறார்கள்.

எந்தக் கடையைக் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. குலுக்கல் மாதிரி எடுத்துச் சென்னையிலிருந்து பெயர் அனுப்புவார்கள். வந்த பெயருக்குத்தான் போகணும்.

இதற்கிடையில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே பைபாஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புது பஸ் ஸ்டாண்டு ஜேஜே என்று இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் நாய் படுத்துக் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"நான் பேச்சித்தாய். பழைய பஸ் ஸ்டாண்டு எதிர்ல மெஸ் வச்சிருந்தேன். டவுன் பஸ்ஸையாவது பழைய ஸ்டாண்டுக்குள்ள விடுங்கன்னு கடைக்காரங்க எல்லாரும் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ்ல கேட்டோம். முடியாதுன்னுட்டாங்க. ஏன்னு கேட்டா, சர்வே எடுத்தாச்சு, இந்த ஊர்ல கடைத் தொழில் வளர்ந்திருக்கு, யாருக்கும் நஷ்டம் இல்லங்கிறாங்க. சர்வே எடுக்கிறது நீங்கதான?"

"நாங்கதான்க்கா" என்றார் நசீமா மேடம்.

"எங்க தெருவுக்கு யாரு வந்தது?"

தவசிமணி சார் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"நான் சண்டை போட வரல" என்றார் பேச்சித்தாய். "இந்த மாசத்தோட கட்டடக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். பஸ் வரும்னா கெஞ்சியாவது கடையை வச்சிருப்பேன். வராதுன்னா கிரைண்டரையும் பாத்திரத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு திருப்பூருக்குப் போயிருவேன். பதினெட்டு வயசுல இந்த அடுப்புக்கு வந்தவ நான். வந்து பார்த்துட்டு வளர்ந்திருக்குன்னு சொன்னாங்களா, பார்க்காமலே சொன்னாங்களா? அதை மட்டும் தெரிஞ்சுட்டுப் போறேன்."

அவரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார் மேடம். நான் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தபோது உள்ளே தவசிமணி சார் பேசிக்கொண்டிருந்தார்.

"போனேன் மேடம். போகாம இல்ல. அந்தம்மா மெஸ் பேரும் நம்ம லிஸ்டுல இருந்துச்சு. பூட்டியிருந்தது. பக்கத்து லாட்ஜும் பூட்டியிருந்தது. வந்த பேர்ல பாதி பூட்டு. பூட்டின கடையில யாரைக் கேட்க? ஃபாரத்தை வெறுமனே அனுப்பினா இந்தாளு வேலையே பார்க்கலன்னு நினைப்பாங்க. அதான் மெஸ்ஸுக்குப் பதிலா புது பஸ் ஸ்டாண்டு மெஸ். லாட்ஜுக்குப் பதிலா புது ஸ்டாண்டு லாட்ஜ். தொழிலுக்குத் தொழில் மாத்திப் போட்டேன்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"மேடம், நான் உட்கார்ந்த இடத்துல எழுதல. ஒவ்வொரு கடைக்கும் போயிருக்கேன். அந்தக் கடை நிஜம். அவங்க சொன்ன கணக்கும் நிஜம். இதுல எங்க மேடம் பொய் இருக்கு?"

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கடை நிஜம் சார். கணக்கும் நிஜம். ஊருதான் பொய்யாப் போச்சு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "வண்டி எடுங்கண்ணே" என்றார்.

பேச்சித்தாயையும் ஏற்றிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். தவசிமணி சார் கெட்டவர் இல்லை. மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் அலைகிற மனுஷன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

மெஸ் ஷட்டரில் பூட்டு துருப்பிடித்திருந்தது. மேலே போர்டில் சாப்பாடு தயார் என்று இன்னும் எழுதியிருந்தது. மேடம் ஷட்டருக்கு முன்னால் போய் நின்று, விரல் முட்டியால் தட்டினார். உள்ளே ஆள் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்போமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு, எந்தக் கடையிலும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"வணக்கம். அரசாங்க சர்வேயில இருந்து வர்றோம். இங்க என்ன தொழில் நடக்குது?"

ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த ஒருத்தன் சிரித்தான். "மேடம் யார்கிட்ட பேசுறாங்க?" என்று என்னைக் கேட்டான். பேசாம இரு என்றேன்.

தவசிமணி சார் பேனாவைத் திறந்தபடி நின்றார். "மேடம், வேண்டாமே. ஆள் பார்க்கிறாங்க."

"திறந்த கடையிலயும் ஆள் பார்க்கத்தான செய்வாங்க சார். அப்ப கேட்கலையா?"

அடுத்த கேள்வியைக் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாப்பிட வர்றாங்க?"

பூட்டு சும்மா கிடந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய்ச் சத்தம் அடங்கும் வரைக்கும் மேடம் காத்திருந்தார்.

"இங்க வேலை செய்றவங்க எத்தனை பேர்?"

இதற்கு மேல் பேச்சித்தாயால் பொறுக்க முடியவில்லை. முன்னால் வந்துவிட்டார்.

"காய் நறுக்க செண்பகம் இருந்தா. மாவாட்ட, பரிமாறன்னு நாலு பேரு. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்னா கூட ஆள் கூப்பிடுவேன். காலைப் பஸ்ஸுல வர்ற டிரைவர், கண்டக்டர் எல்லாம் இங்கதான் கை நனைப்பாங்க. நிக்க இடம் இருக்காது மேடம்."

"இப்ப எத்தனை பேர் இருக்காங்கக்கா?"

மேடம் அதை மெதுவாகத்தான் கேட்டார். பேச்சித்தாய் ஷட்டரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"யாரும் இல்ல."

"எழுதிக்கோங்க சார்" என்றார் மேடம்.

"என்னன்னு எழுத?"

"கேட்டதை."

தவசிமணி சார் எழுதினார். இரண்டே வார்த்தைதான் எழுதினார் என்று நினைக்கிறேன், அதற்கே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சித்தாய் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம்" என்றார் தவசிமணி சார். "நாம ஏற்கெனவே அனுப்பியாச்சே. இப்ப மாத்தி அனுப்பினா மேல என்ன சொல்லுவாங்க?"

"கேட்பாங்க. நான்தான் பதில் சொல்லணும். நீங்க எடுத்தது சரின்னு கையெழுத்துப் போட்டவ நான். பாதிக் கடை பூட்டிக் கிடக்கிற தெருவுல இருந்து ஒரு பூட்டுகூட எனக்கு வரலையே, ஏன்னு நான் கேட்கல. ஃபாரம் எல்லாம் நிறைஞ்சிருக்கவும் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

சார் தலை குனிந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பூட்டினதை அனுப்பினா, என்னை வேலை பார்க்காதவன்னு நினைக்க மாட்டாங்களா?" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

மெஸ் படியில் காய்ந்த இலைகள் கிடந்தன. மேடம் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்த லாட்ஜைக் கையால் காட்டினார். அதுவும் பூட்டித்தான் இருந்தது.

தவசிமணி சார் நடந்தார். லாட்ஜ் கதவுக்கு முன்னால் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டார். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. கதவைத் தட்டினார்.

"வணக்கம். அரசாங்க சர்வேயில இருந்து வர்றோம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் வண்டியின் ரேடியோவை நிறுத்தினார். தவசிமணி சார் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார். முடித்துவிட்டு அடுத்த பூட்டுக்குப் போனார்.

அவர் தெருக்கோடிக்குப் போகும் வரைக்கும் பேச்சித்தாய் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேடத்துக்குப் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார். அவருடைய படிதானே.

"இதை எழுதி அனுப்பினா பஸ் வந்துருமா மேடம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை மேடம் சொல்லிவிடக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

"தெரியாதுக்கா" என்றார் நசீமா மேடம். "வரும்னு சொன்னா அதுவும் நான் இட்டுக்கட்டி எழுதின மாதிரிதான். ஆனா இனிமே பஸ் விட முடியாதுன்னு சொல்றவங்க, உங்க பூட்டைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."