கோட்டையை நோக்கி வருவோர்

முன்னொரு காலத்தில், ஆறு வளைந்து ஓடும் ஓரிடத்தில் உயரமான கோட்டை ஒன்று இருந்தது. அதை ஆண்டவர் சிங்ககேது மகாராஜா. வீரர், கொடையாளி, நியாயம் தெரிந்தவர். ஆனால் தூங்கும்போது பலமாகக் குறட்டை விடுவார். அரண்மனையில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அண்டை நாட்டுக்குப் போய்த் திரும்பிய தூதன் ஒருவன் ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னான். அந்த நாட்டு அரசவையில் ஒருவன் சிங்ககேதுவைப் போலவே குறட்டை விட்டுக் காட்டுகிறானாம். மேலே ஏறும் உறுமல், நடுவில் வரும் சீழ்க்கை, கடைசியில் அடங்கும் பெருமூச்சு எல்லாம் அச்சு அசலாம்.

"அப்படியானால் என் கோட்டைக்குள் ஒற்றன் புகுந்திருக்கிறான்" என்றார் மன்னர். அன்று மாலையே முரசு அறையச் சொன்னார்.

"கோட்டையை நோக்கி வருவோர் எவராயினும் நிறுத்திச் சோதிக்கப்படுவர். இது மன்னர் ஆணை."

அன்றிலிருந்து தினமும் வாசல் திறந்ததும் முரசு அதையே சொன்னது.

வாசலுக்குப் பொறுப்பு தளபதி வைரவநாதர். தலைப்பாகையை அவிழ்த்து உதறச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கச் சொன்னார். கத்தி என்று பெயருள்ளது எதுவும் உள்ளே போகக் கூடாது, ஓர் உழக்குக்கு மேல் கொள்ளும் பாத்திரத்தில் நீரோ எண்ணெயோ போகக் கூடாது என்றார். வரிசை படித்துறை வரைக்கும் நீண்டது. வரிசையிலேயே மோர் புளித்தது, பூ வாடியது.

ஜனங்கள் முறையிட்டதும் மன்னருக்கு மனம் இளகியது. பல வருடமாக வந்து போகிறவர்களை ஒருமுறை நன்றாக விசாரித்து, ஆளுக்கொரு செப்பு முத்திரை கொடுக்கச் செய்தார். அவர்கள் நுழையத் தனியாக ஒரு வாசலையும் திறந்தார். அதற்கு நம்பிக்கை வாசல் என்று பெயர்.

வைரவநாதர் அதையும் விடவில்லை. "ஒற்றன் எப்படி வருவான்? நம்பிக்கையானவன் போலத்தான் வருவான். ஆகவே நம்பிக்கையானவர்களைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்" என்றார். சாதாரண வாசலில் ஒரு காவலன் நின்றான். நம்பிக்கை வாசலில் மூவர் நின்றார்கள். முத்திரை செம்புதானா என்று ஒருவன் உரசிப் பார்த்தான். முத்திரைக்கு உரியவர் இவர்தானா என்று இன்னொருவன் முகத்தை உற்றுப் பார்த்தான். மூன்றாமவன் கேள்வி கேட்டான். முத்திரை வாங்கியவர்கள் அதை மடியில் ஒளித்துக்கொண்டு சாதாரண வரிசையில் போய் நின்றார்கள். அகப்பட்டால், "நம்பிக்கையானவன் ஏன் ஒளிக்கிறாய்?" என்று அரைநாள் உட்காரவைத்தார்கள்.

அரசவையில் ஆவுடையப்பன் என்றொரு விகடகவி இருந்தார். அவர் வாய் திறந்தால் மன்னர் சிரிப்பார். வைரவநாதர் வாய் திறந்தால் மன்னருக்குக் கொட்டாவி வரும். அதனால் தளபதிக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஆவுடையப்பனின் மகள் அமிர்தவல்லி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒருநாள் விடிந்ததும் வலி எடுத்தது. அக்கரையில் இருந்த மருத்துவச்சி பொன்னுருவிக்கு ஆள் அனுப்பினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, அவள் வரவில்லை. உள்ளே மகளின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஆவுடையப்பன் மேல்துண்டைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார்.

பொன்னுருவி நம்பிக்கை வாசலில்தான் நின்றிருந்தாள். அவளுடைய மூட்டை பிரிந்து கிடந்தது. தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் காவலன் ஏற்கெனவே பறித்து வைத்துவிட்டான். இப்போது விளக்கெண்ணெய்க் கலயத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உழக்குக்கு மேல இருக்கு. கொட்டிட்டுப் போங்கம்மா."

"இதைக் கொட்டிட்டு நான் அங்க போயி வேடிக்கை பாக்கவா? எனக்கு முத்திரை குடுத்தது எதுக்குய்யா? உன்னையே உங்காத்தா வயித்துலேருந்து எடுத்தவ நான்."

"அது தெரியும்மா. அதுக்கு என்ன சாட்சின்னு தளபதி கேப்பாரு."

ஆவுடையப்பன் சண்டை போடவில்லை. வரிசையில் நின்ற தேங்காய் வியாபாரியிடம் சிரட்டைகளை வாங்கினார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, வரிசையில் நின்றவர்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "எந்தச் சிரட்டையும் உழக்குக்கு மேல் கொள்ளாது. அளந்து பார், அப்பா" என்றார். காவலன் அளந்து பார்த்தான். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. கத்தியை மட்டும் தரமுடியாது என்று கைவிரித்தான்.

பொன்னுருவி வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை. ஆவுடையப்பனின் மனைவி அதைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். பொன்னுருவி வெற்றிலைப் பெட்டியிலிருந்த பாக்குவெட்டியைக் கொதிநீரில் போட்டெடுத்துக் கொடியை அறுத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்து, மூச்சை ஊதி, உள்ளங்காலில் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஊதினாள், மறுபடி தட்டினாள். அப்புறம்தான் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

"பேத்திதான், சாமி. தாயும் தேறிடுவா" என்றாள் பொன்னுருவி. கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சேர்த்துச் சொன்னாள்: "அத்தனை சிரட்டையோட இன்னும் ஒரு சிரட்டை அளந்திருந்தா, நான் வந்தும் பிரயோசனமில்ல."

பிறரைச் சிரிக்கவைத்தே பழகிய ஆவுடையப்பன் அன்று கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்று அழுதார்.

மறுநாள் அரசவையில் அவர் நடந்ததைச் சொன்னார். மன்னர் முகம் வாடிற்று. வைரவநாதர் முந்திக்கொண்டு எழுந்தார்.

"அரசே, விகடகவியாரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆணை தங்களுடையது. அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவதே என் கடமை. மருத்துவச்சிக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்று பிரித்தால் ஆணைக்கு என்ன மதிப்பு? 'எவராயினும்' என்று தாங்களே சொன்னீர்கள்."

மன்னர் தாடியைத் தடவினார். தாம் சொன்ன சொல்லை மாற்றுவது அவருக்குப் பிடிக்காது.

"சொல்லை மாற்ற முடியாது, ஆவுடையப்பா. வேறு வழி உண்டா?"

"உண்டு, அரசே. ஆணையில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், ஒரு காவலரையும் விலக்காமல், முத்திரை உள்ளவர்கள் நிற்காமல் உள்ளே வரச் செய்யலாம்."

வைரவநாதருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "அப்படியே செய்யட்டும், அரசே. வருகிற சந்தை நாளில் செய்து காட்டட்டும். முடியாவிட்டால், பாதுகாப்பைப் பழித்த குற்றத்துக்காக இவர் கோட்டைக்கு வெளியே குடியேறட்டும். உள்ளே வர வேண்டுமானால் வரிசையில் நின்று வரலாம்."

"ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டார் மன்னர்.

ஆவுடையப்பன் தலைவணங்கினார். தலையை நிமிர்த்தியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை மன்னர் கவனித்தார்.

சந்தை நாள் வரைக்கும் ஆவுடையப்பன் அரசவைப் பக்கம் வரவில்லை. படித்துறையிலேயே இருந்தார். முத்திரை வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கேட்டவர்கள் முதலில் விழித்தார்கள், பிறகு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

சந்தை நாள் வந்தது. முரசு முழங்கியது. "கோட்டையை நோக்கி வருவோர் எவராயினும் நிறுத்திச் சோதிக்கப்படுவர்."

நம்பிக்கை வாசலின் மூன்று காவலர்களும் எட்டிப் பார்த்தார்கள். படித்துறையிலிருந்து ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. எல்லாம் முதுகு. எல்லோரும் ஆற்றைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார்கள். முத்திரையை மட்டும் பின்னால் தெரியும்படி முதுகில் தொங்கவிட்டிருந்தார்கள்.

வெற்றிலை வியாபாரி சடையன் கூடையோடு முதலில் வந்தான். ஒரு கல் தடுக்கி, "யாராச்சும் பின்னால என்ன இருக்குன்னு சொல்லுங்கப்பா" என்றான். பொன்னுருவி அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, தரையைக் குனிந்து பார்த்தபடி, "நேரா வா, இடப்பக்கம் சாணி" என்று வழி சொன்னாள்.

காவலன் ஒருவன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, இவங்க வர்றாங்களா, போறாங்களா?"

அதற்குள் பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள். வைரவநாதர் ஓடி வந்தார். வாசலோரம் நின்ற ஆவுடையப்பனைப் பார்த்துக் கத்தினார். "என்ன கூத்து இது? நிறுத்துங்கள் இவர்களை."

"எந்த ஆணைப்படி, தளபதியாரே?" என்று அமைதியாகக் கேட்டார் ஆவுடையப்பன். "கோட்டையை நோக்கி வருவோரை நிறுத்தச் சொல்லி ஆணை. நோக்குதல் என்றால் பார்த்தல். இவர்கள் நோக்குவது ஆற்றை. ஆற்றை நோக்கி வருவோரை நிறுத்தச் சொல்லி மன்னர் எப்போது சொன்னார்? எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவது தங்கள் கடமை என்று சபையிலே கேட்ட ஞாபகம்."

தளபதி சட்டென்று திரும்பினார். நேராக அரண்மனைக்குப் போனார். "அரசே, தங்கள் ஆணையை ஊரே கேலி செய்கிறது. வெளியே வந்து தங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்றார்.

மன்னர் கிரீடத்தோடும் உடைவாளோடும் வாசலைத் தாண்டிப் படித்துறை வரைக்கும் போனார். கூடை சுமந்த முதுகுகளும், மூட்டை சுமந்த முதுகுகளும் அவரைக் கடந்து போயின. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்தில் தளபதி நின்றதால் அடக்கிக்கொண்டார்.

"சரி, அரண்மனைக்குப் போய்ப் பேசலாம்" என்று கோட்டைப் பக்கம் திரும்பி நடந்தார்.

ஆவுடையப்பன் குறுக்கே வந்து கைகூப்பினார். "அரசே, மன்னிக்க வேண்டும். தாங்கள் கோட்டையை நோக்கி வருகிறீர்கள்."

"விளையாடாதீர், அவர் அரசர்" என்றார் வைரவநாதர்.

"'எவராயினும்' என்ற சொல்லை நமக்கு நினைவூட்டியவர் தாங்கள்தான், தளபதியாரே. அரசே, விரும்பினால் தாங்களும் திரும்பி நின்று நடக்கலாம்."

மன்னர் மீசை துடித்தது. "சிங்ககேதுவின் முதுகைப் பகைவனும் கண்டதில்லை. என் கோட்டைக்கு முதுகு காட்டுவேனா? சோதிக்கட்டும்."

நம்பிக்கை வாசலில் முதற்காவலன் குனிந்து கும்பிட்டபடியே, "முத்திரை, சாமி?" என்றான்.

"முத்திரை கொடுப்பவனே நான்."

"ஆமா சாமி. ஆனா சாமிகிட்ட முத்திரை இல்லியே."

மன்னர் சாதாரண வரிசைக்குப் போனார். ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நின்ற கிழவர் ஒருவர் அவருக்கு முன்னால் நின்றார். வெயில் ஏறியது. ஆட்டுக்குட்டி மன்னரின் பட்டு அங்கவஸ்திர நுனியை மென்றது. கிழவர் விலகி வழிவிடப் பார்த்தார். "இருங்கள், பெரியவரே. முதலில் வந்தவர் நீங்கள்" என்று மன்னர் தடுத்துவிட்டார்.

அவர் முறை வந்தது. கிரீடத்தைக் கழற்றி உள்ளே தடவிப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கல் சுட்டதால் மன்னர் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார். உடைவாளை ஓரமாக வைத்தார்கள். கூட வந்த பணியாள் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு உழக்குக்கு மேல் இருந்ததால் மண்ணில் கவிழ்த்தார்கள். நம்பிக்கை வாசலில் கேள்வி கேட்பவனையும் ஆவுடையப்பன் அங்கே அழைத்துவந்து நிறுத்தியிருந்தார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தளபதி கற்றுக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான்.

"உள்ள யாரைப் பாக்கப் போறீங்க?"

"என் மனைவியை" என்றார் மன்னர்.

"எங்க தங்கப் போறீங்க?"

"அரண்மனையில்."

"எத்தனை நாள் தங்குறதா உத்தேசம்?"

மன்னர் அவனைப் பார்த்தார். தம் வெறுங்காலைப் பார்த்தார். கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். "ஆண்டவன் விட்ட மட்டும், அப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒரு காலில் நின்றபடி, மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்ததும் வரிசை முழுவதும் சிரித்தது. ஆற்றை நோக்கி வந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வைரவநாதர் மட்டும் சிரிக்கவில்லை. "அரசே, இன்று முத்திரைக்காரர்கள் இப்படி வந்தார்கள். நாளை ஒற்றனும் முதுகைக் காட்டிக்கொண்டு வருவானே" என்றார்.

மன்னர் ஆவுடையப்பனைப் பார்த்தார். "தளபதி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே."

"இருக்கிறது, அரசே" என்றார் ஆவுடையப்பன். "அதனால்தான் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த பொன்னுருவியை மூன்று பேர் சோதித்தார்கள். நமக்குத் தெரியாத ஆட்களை ஒருவன் சோதித்தான், அவனும் களைத்துப்போய். விசாரித்து நம்பியவரை நம்புங்கள். அங்கே மிச்சமாகும் கண்களை இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒற்றன் அகப்பட்டால் இந்த வாசலில்தான் அகப்படுவான்."

மன்னர் அங்கேயே வெறுங்காலோடு நின்று புது ஆணை சொன்னார். முத்திரை உள்ளவர்கள் அதைக் காட்டிவிட்டு நடக்கலாம். நோயாளியைப் பார்க்கப் போகும் மருத்துவர்களையும் மருத்துவச்சிகளையும் ஒரு நொடியும் நிறுத்தக் கூடாது. மூன்று காவலரில் இருவர் சாதாரண வாசலுக்குப் போக வேண்டும். வைரவநாதர் அடுத்த சந்தை நாள் முழுவதும் வரிசையில் நின்று, ஜனங்கள் பேசுவதைக் கேட்டு வந்து சபையில் சொல்ல வேண்டும்.

பிறகு தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். பொன்னுருவியைக் கூப்பிட்டார். "அம்மா, இனி நீ நடந்து வர வேண்டாம். உனக்கு ஒரு பல்லக்குத் தருகிறேன்."

"பல்லக்கு வேண்டாம், சாமி" என்றாள் பொன்னுருவி. "நாலு பேரு அசைஞ்சு அசைஞ்சு தூக்கிட்டு வர்றதுக்குள்ள பிள்ளை பொறந்து தவழ ஆரம்பிச்சிரும். ஒரு குதிரை வண்டி குடுங்க."

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. தம் லாயத்திலேயே மிக வேகமான குதிரையைப் பூட்டி வண்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அது வந்ததும் பொன்னுருவி ஏறி உட்கார்ந்து, "சடையா, கூடையை வண்டியில வச்சிட்டு நீயும் ஏறு" என்றாள். வண்டி நம்பிக்கை வாசலுக்குள் நிற்காமல் ஓடியது. மன்னரும் ஆவுடையப்பனும் அது கிளப்பிய புழுதியில் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பின்னாலேயே நடந்து போனார்கள்.