தூங்கும்போது யார் ராஜா?

ராஜாக்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்து குறட்டை விட்டுத் தூங்கிய அந்த முற்காலத்தில் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா ஒருநாள் கட்டிலில் சாயப் போனபோது, எட்டு வயது மகள் அலர்மேல் வந்து கேட்டாள்: "அப்பா, நீங்க தூங்கறப்போ யாரு ராஜா?"

"நான்தானம்மா."

"உங்களுக்கே தெரியாதே அப்போ?"

அன்று ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சபையில் அந்தக் கேள்வியைப் போட்டார். தலைமைப் பண்டிதர் திரிவிக்கிரமர் எழுந்து இருபது சுலோகம் சொன்னார். ராஜாவுக்குக் கொட்டாவிதான் வந்தது, பதில் வரவில்லை.

சபையின் விகடகவி வெள்ளியப்பன் சொன்னார்: "மகாராஜா, கேள்வி குழந்தையிடமிருந்து வந்தது. குழந்தைகளிடமே விட்டுப் பார்த்தால் என்ன?"

ராஜா சம்மதித்தார். யானைக் கொட்டடிக்குப் பக்கத்து நாவல் மரத்தடியில் காலைதோறும் பன்னிரண்டு பிள்ளைகள் கூடினார்கள். அலர்மேல் வந்தாள். மந்திரி மகன் நாகநாதன் வந்தான். பாகன் மகள் பூவாயியும் சமையல்காரர் மகன் தாண்டவனும் வந்தார்கள். வெள்ளியப்பன் எதையும் சொல்லித் தரவில்லை. "ஏன் அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேட்பார்.

"எங்கப்பா தூங்குனாலும் சமையல்காரருதான்" என்றான் தாண்டவன்.

"அவரு தூங்கினா சோறு வேகாதே. அப்புறம் என்ன சமையல்காரர்?" என்றான் நாகநாதன்.

"சோறு வேகாட்டி யாரைத் திட்டுவீங்க? எங்கப்பாவைத்தானே?"

இப்படியே பொழுது போகும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார்கள்.

இது திரிவிக்கிரமருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் படித்தவர் அவர். அவர் பாடம் சொல்லும்போது பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். இங்கேயோ சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.

ராஜாவிடம் போய்ச் சொன்னார்: "பிரபு, இன்று தூங்கும்போது யார் ராஜா என்று கேட்கிறார்கள். நாளை விழித்திருக்கும்போது யார் என்று கேட்பார்கள். இது படிப்பு என்றால் முடிவு வேண்டாமா? பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொல்லட்டும். அந்தப் பதிலைச் சபையில் எவரும் மறுக்க முடியாதிருக்கட்டும்."

ராஜாவுக்கும் தூக்கம் கெட்ட கோபம் இருந்தது. "அப்படியே ஆகட்டும். வெள்ளியப்பா, ஏழு நாள் தருகிறேன். முடியாவிட்டால் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்" என்று உத்தரவிட்டார்.

வெள்ளியப்பன் பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை. ஆறு நாள் பேசிப் பார்த்தார்கள். ஒருவர் இறங்கி வந்தால் இன்னொருவர் ஏறிக்கொண்டார். ஆறாம் நாள் தாண்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "மாமா, நான் நாகநாதன் சொன்னதையே சொல்லிடறேன். நீங்க போக வேண்டாம்."

"நீ நெசமாவே அப்படி நினைக்கிறியா?"

"இல்ல."

"அப்ப சொல்லாதே. ஊரு போனா வேற ஊரு. நீ நினைக்காததைச் சொல்லிப் பழகிட்டா அதுக்கு மருந்து தேடி நான் எங்க போவேன்?"

பிறகு வெள்ளியப்பன் கேட்டார்: "சரி, நீங்க பன்னிரண்டு பேரும் ஒத்துக்கிற விஷயம் ஒண்ணாவது இருக்கா?"

பூவாயி யோசித்து ஒரு வார்த்தை சொன்னாள். பன்னிரண்டு தலையும் ஒன்றாக ஆடின. வெள்ளியப்பன் மரத்தில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஏழாம் நாள் சபை கூடியது. வெள்ளியப்பனின் மூட்டை முடிச்சு கட்டியாயிற்றா என்று திரிவிக்கிரமர் காவலனிடம் விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைகளே, பதில் என்ன?" என்று ராஜா கேட்டார்.

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒத்துக்கொள்ளும் பதில் இன்னும் கிடைக்கவில்லை."

திரிவிக்கிரமர் துள்ளி எழுந்தார். "பிரபு, இது பதிலே இல்லை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

வெள்ளியப்பன் கைகூப்பினார். "மகாராஜா, பிள்ளைகள் சொன்னதும் அதுதான். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று. பண்டிதர் மறுத்தால் அவர்கள் சொன்னது மெய். மறுக்காவிட்டாலும் மெய். பன்னிரண்டு பேர், ஒரே பதில், மறுக்க முடியாத பதில். உத்தரவு நிறைவேறியது."

பண்டிதர் மறுபடியும் வாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் ராஜா சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் பூவாயியைக் கூப்பிட்டார். "உன் மனசில் இருப்பதைச் சொல், குழந்தாய்."

"எங்கப்பா யானைக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்குவாரு, ராஜா. யானை அசையாது. அப்போ அவரு பாகனா இருக்கிறது யானையோட கையிலதான் இருக்கு. நீங்க தூங்கறப்போ நாங்க உங்களை ராஜாவா வச்சிருக்கோம். ஆனா அலர்மேலுக்கு இது பிடிக்கலை."

"பிடிக்கலை" என்றாள் அலர்மேல்.

ராஜா வெகுநேரம் பூவாயியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி வெள்ளியப்பன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"மழைக்காலம் வருகிறது, மகாராஜா. நாவல் மரம் ஒழுகும்."

"காலை வேளையில் இந்தச் சபை மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளும். பண்டிதரே, நீரும் ஒரு மாதம் பிள்ளைகளோடு உட்காரும். சுலோகம் சொல்லக் கூடாது."

முதல் வாரம் திரிவிக்கிரமர் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம், "தெரியாது என்பதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன்?" என்று மெல்லக் கேட்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் முடிந்தது. மறுநாள் காலையில் மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து காத்திருந்தவர் அவர்தான்.