ஒரு பெயரைத் தூக்கிலிட்ட கதை

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலத்தில், சங்குத்துறை நாட்டை அதிவீர மழவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வராதவரை தங்கமான மனுஷன். வந்துவிட்டால், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் யாருக்காவது தலை போயிருக்கும்.

அவனுடைய ஒரே மகனை நடுக்கடலில் கொள்ளைக்காரன் ஒருவன் வெட்டிப் போட்டுவிட்டான். உடல் மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. கொன்றவனின் நாடு தெரியாது, முகம் தெரியாது. தப்பி வந்த மாலுமிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவன் பெயர் ஜுவான்.

ஆளைப் பிடிக்க முடியாத ராஜா பெயரைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பேர் உள்ள ஒருத்தனும் என் துறையில் உயிரோடு இருக்கக் கூடாது!"

அன்று மாலையே ஒரு ஜுவான் தூக்கில் தொங்கினான். பாவம், மிளகு மூட்டை ஏற்ற வந்தவன். கொள்ளைக்காரனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ராஜாவின் அமைச்சர் திருமேனியார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் வெளிநாட்டார் பேச்சைத் தமிழாக்கிச் சொல்லும் துபாஷியாக இருந்து மேலே வந்தவர். அவருடைய நாற்காலி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் காளத்தியார். சமயம் பார்த்துக் காளத்தியார் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, அந்தப் பேர் கரைக்குக் கரை சட்டை மாற்றுகிறதாம். அமைச்சருக்கு எல்லாம் அத்துப்படி. தெரிந்தும் வாயைத் திறக்காமல் நிற்கிறார்!"

"அப்படியா திருமேனியாரே?"

இந்தப் பெயர் எத்தனை தேசத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் ராஜா மலைத்துப்போய் விட்டுவிடுவான் என்று திருமேனியார் நினைத்தார். அதனால் ஒளிக்காமல் சொன்னார்.

"உண்மைதான் மகாராஜா. யூதர்களிடம் யோஹனான் என்று பிறந்த பேர் அது. ஆண்டவர் அருளினார் என்று அர்த்தம். கிரேக்கர் இயோவான்னிஸ் என்பார்கள். அரபு பேசும் கிறிஸ்தவர் யூஹன்னா என்பார்கள். ஒல்லாந்தில் யான், உருசியாவில் ஈவான். ஒரு பேரை அழிக்க உலகத்தையே அழிக்க வேண்டியிருக்கும்."

"தமிழில்?" என்றார் காளத்தியார், குழைந்து.

திருமேனியார் தரையைப் பார்த்துச் சொன்னார். "அருளப்பன்."

ராஜா மலைக்கவில்லை. மறுநாள் அத்தர் விற்கிற யூஹன்னாவும், வலை போடுகிற அருளப்பனும் தூக்கில் தொங்கினார்கள். இன்னும் ஏழு பேர் சிறையில் அடைபட்டார்கள். அவர்களில் கிழ வைத்தியர் யோஹனானும் ஒருவர். அன்றிலிருந்து திருமேனியாருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்தது அவருடைய வாய்தானே.

ராஜாவின் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்ததும் தாய் அதன் காதில் ஒரு பெயர் சொல்வாள். வேறு யாருக்கும், அப்பனுக்கும்கூட, அதைச் சொல்ல மாட்டாள். பிள்ளை செத்தால் நாற்பத்தொன்றாம் நாள் நடும் கல்லில்தான் அந்தப் பெயரை முதன்முதலாக வெட்டுவார்கள். கல் திறப்பதற்குள் யாராவது வெளியே சொன்னால் செத்தவனுடைய உயிர் கரை சேராது என்பது நம்பிக்கை.

ராணி உலகுடையாள் அமைச்சருக்கு ஆள் அனுப்பினாள்: "இளவரசன் காதில் சொன்ன பேர் உங்களுக்கும் தெரியும். கல் திறக்கிறவரை அந்த ஏழு உயிரையும் எப்படியாவது நிறுத்தி வையுங்கள்."

திருமேனியார் நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, அந்த ஏழு பேரையும் இளவரசர் கல்லின் முன்னால் தூக்கில் போட்டால் அவர் கண் குளிருமே? ஆணையையும் இறுக்கமாக எழுதலாம். ஆளிடம் இருந்தாலும், ஏட்டில் இருந்தாலும், கல்லில் இருந்தாலும் அந்தப் பேர் அழிய வேண்டும் என்று."

காளத்தியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பரதேசிகளின் இடுகாட்டில் நிறையக் கல் இருக்கிறது. நானே உளி கொண்டுவந்து கொத்துகிறேன்!" ராஜா முத்திரை வைத்தான்.

நாற்பத்தொன்றாம் நாள் வந்தது. ஏழு கழுத்திலும் கயிறு. ராஜா தன் கையாலேயே கல்லின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை உருவினான்.

கல்லில் 'அருளப்பன்' என்று இருந்தது.

திருமேனியார் மெதுவாகத் திரும்பினார். "காளத்தியாரே, உளி கொண்டுவந்தீர்களா? ராஜ முத்திரை வைத்த ஆணை. கொத்துங்கள்."

காளத்தியார் கையிலிருந்த உளி கீழே விழுந்தது. ராஜா ராணியைப் பார்த்தான். "என்ன இது?"

"நீங்க போருக்குப் போயிருந்தீங்க," என்றாள் ராணி. "மூணு நாள் வலி. நானும் பிள்ளையும் போயிருக்கணும். அதோ கழுத்துல கயிறோட நிக்கிறாரே, அந்த வைத்தியர்தான் எங்களைக் காப்பாத்தினார். அவர் பேரைத் தமிழாக்கித் தரச் சொல்லி அமைச்சரைக் கேட்டேன். அதைத்தான் பிள்ளை காதுல சொன்னேன்."

"முன்னாலேயே சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுங்கறது உங்க குலத்து வழக்கம்."

கயிறுகளை அறுத்தார்கள். ராஜா கிழவரின் காலில் விழுந்தான். காளத்தியாரின் பட்டத்தையும் தலைப்பாகையையும் பிடுங்கி, செத்த மூன்று பேரின் வீட்டு வாசலிலும் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லி வெறுங்காலோடு விரட்டினான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனியாரிடம் நீட்டினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் மகாராஜா. இரண்டு பேரை வாயால் கொன்றவன் நான். தருவதானால், செத்த மூன்று பேரின் பேரையும் இந்தக் கல்லிலேயே வெட்டச் சொல்லுங்கள். அவரவர் எழுத்தில்."

அப்படியே வெட்டினார்கள். வேலை முடிந்த அன்று ராஜா வந்து பார்த்தான். மகன் பெயருக்குக் கீழே முதல் இரண்டு வரியும் அவனுக்குப் புரியாத எழுத்து.

"படியும்," என்றான் திருமேனியாரிடம்.

"ஜுவான்."

"தமிழில் சொல்லும்."

"அருளப்பன்."

"அடுத்தது?"

"யூஹன்னா. தமிழில் அருளப்பன்."

மூன்றாவது வரி தமிழிலேயே இருந்தது. அதை ராஜா தானே படிக்க வாயெடுத்தான். பாதிப் பெயரோடு குரல் நின்றுபோயிற்று. மகன் செத்த செய்தி வந்த நாளில்கூட அழாதவன், மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.